டிரைவர் வீட்டு டிவியில் படம் வந்த கதை

துவைத்து உலர்ந்த துணிக் குவியலுக்கு அடியில் 'நறுக்' என்று ஒரு சத்தம் கேட்டதும் டிரைவர் துள்ளி எழுந்தார். எழுந்து பிரயோஜனம் இல்லை. உட்கார்ந்தபோதே காரியம் முடிந்துபோயிருந்தது.

"என்ன சத்தம்?" என்று சமையலறையிலிருந்து கேட்டாள் அவர் பெண்டாட்டி.

"ஒண்ணுமில்ல. இடுப்பு."

"உங்க இடுப்பு அப்படிச் சத்தம் போடாதே. அது வேற மாதிரில்ல போடும்."

டிரைவர் சோபாவில் கிடந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்தார். போர்வை, பாவாடை, பேரனின் பள்ளிக்கூடச் சட்டை, அதற்கும் கீழே மருமகளின் லேப்டாப். மெதுவாகத் திறந்து பார்த்தார். லாரியின் முன்கண்ணாடியில் கல் விழுந்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது திரை. ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குக் கீறல். மீதியெல்லாம் கருப்பு.

லாரியை விட்டு இறங்கி வீட்டோடு உட்கார்ந்து வெகுநாள் ஆகியும் தெருவுக்கு அவர் இன்னும் டிரைவர்தான். ஓட்டின காலத்தில் ஒரு கோழியின் மேல்கூட வண்டியை ஏற்றாதவர். இப்போது வீட்டுக்குள்ளே, சோபாவில் உட்கார்ந்தே விபத்து.

சாதாரண நாளாக இருந்தால் ஒரு சத்தம் போட்டு ஒப்பேற்றியிருப்பார். இன்றைக்கு முடியாது. காலையில் நடந்தது அப்படி.

காலையில் அவர் நகவெட்டி எங்கே என்று மருமகளைக் கேட்டார். அவள் காதில் எதையோ மாட்டிக்கொண்டு அந்த லேப்டாப் பெட்டியைப் பார்த்தபடி, "யெஸ் சார்" என்றாள். மறுபடி கேட்டார். "ஷ்யூர் சார், கண்டிப்பா சார்" என்றாள். மாமனாரைச் சார் போட்டுக் கேலி செய்கிறாள் என்று நினைத்துவிட்டார் டிரைவர். அவள் பேசியது பெட்டிக்குள் இருந்த மேனேஜரோடு. அது பிறகுதான் தெரிந்தது. அதற்குள் இவர் வாய் முந்திக்கொண்டது.

"இந்தப் பெட்டியை ஒருநாள் நானே உடைச்சுப் போட்டாத்தான் இந்த வீடு உருப்படும்."

தெருமுனைவரை கேட்டிருக்கும். மாடி வீட்டில் ஜன்னல் திறந்த சத்தம்கூட வந்தது. மருமகள் காதில் இருந்ததைக் கழற்றி, அவரை ஒரு பார்வை பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை.

காலையில் சொன்னதை மத்தியானம் செய்து முடித்தாயிற்று. தெரியாமல் உட்கார்ந்தேன் என்றால் எவன் நம்புவான்? வேறு ஒருவன் வந்து இப்படிச் சொல்லியிருந்தால் டிரைவரே நம்பமாட்டார். யாரையும் நம்புகிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

அதுவும் போகட்டும். இன்றைக்கு நாலு மணிக்கு அவளுக்கு ஆபீஸ் மீட்டிங். இனிமேல் எல்லோரும் தலைமை ஆபீஸ் இருக்கிற ஊருக்கே வந்து உட்காரவேண்டும் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். வீட்டிலிருந்தே பார்க்கிறேன், வேலை ஒன்றும் குறையாது என்று இவள் கேட்டிருந்தாள். இன்றைக்கு மேனேஜர் முன்னால் பேசி முடிவு. சரி என்று சொன்னால் இங்கேயே இருப்பாள். முடியாது என்றால் அவள், மகன், பேரன் மூன்று பேரும் மூட்டை கட்டவேண்டியதுதான். வீட்டில் மிச்சம் இரண்டு கிழங்கள்.

மகன் வேலையாக வெளியூர் போயிருந்தான். மருமகள் பள்ளிக்கூடத்திலிருந்து பேரனைக் கூட்டிவரப் போயிருக்கிறாள். நாலுக்குள் வந்துவிடுவாள். வந்ததும் பெட்டியைத் திறப்பாள்.

பெண்டாட்டி கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். திரையைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள்.

"முடிச்சிட்டீங்களா?"

"வாயை மூடு. துணிக்கு அடியில இதை வச்சது யாரு?"

"இது மேல துணியை வச்சது நான். துணி மேல உங்களை வச்சது யாரு?"

"வேணும்னு செய்யல."

"அவ வந்ததும் உள்ளதை உள்ளபடி சொல்லிடுங்க."

"சொன்னா நம்புவாளா?"

"ஏன், நான் நம்பலையா?"

"நீ நம்புறியா?"

"இல்ல."

டிரைவர் போனை எடுத்து மச்சினனைக் கூப்பிட்டார். பெண்டாட்டியின் தம்பி. செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறவன். தன் போனை அவனிடம் கொடுத்தால்கூட உள்ளே இருப்பதை மாற்றிவிடுவானோ என்று பக்கத்திலேயே நின்று பார்ப்பார் டிரைவர். இன்றைக்கு வேறு வழியில்லை.

"அத்தான், காதை வச்சுப் பாருங்க. உள்ள சத்தம் கேட்குதா?"

காதை வைத்தார். சன்னமாக உறுமியது. "இன்ஜின் ஓடுது."

"அப்ப முன்கண்ணாடி மட்டுந்தான் போயிருக்கு. மாத்தணும்னா நாளாகும். ஆனா இன்னைக்குச் சமாளிக்கலாம். வீட்ல டிவி இருக்குல்ல? இதுல தெரியுறதை அதுல காட்டிட்டா அக்காவோட மருமக உட்கார்ந்து வேலை பார்த்துடும்."

"எப்படிக் காட்டுறது? ஒயர் எங்க சொருகணும்?"

"ஒயரே வேணாம். காத்துல போகும்."

டிரைவருக்கு இது சரியாகப் படவில்லை. ஒயர் என்றால் அதைப் பிடித்துக்கொண்டே போய் எங்கே முடிகிறது என்று பார்த்துவிடலாம். காற்றில் போவதை யார் பிடிப்பது?

"டேய், நம்ம டிவிக்குத்தான் போகும்னு என்ன நிச்சயம்?"

"போகும் அத்தான்."

"அட்ரஸ் எழுதாம லோடு ஏத்துற மாதிரி இருக்குடா."

"பூட்டு போட்டிருக்காங்களா? பாஸ்வேர்டு?"

பெண்டாட்டி குறுக்கே வந்தாள். "அதெல்லாம் போடமாட்டா. ஆபீஸ்ல போடச் சொல்றாங்களாம். நம்ம வீட்ல யாரு அத்தை இதைத் தொடப் போறாங்கன்னு கேட்டா."

டிரைவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

முதலில் டிவியைத் தயார் செய்யவேண்டும் என்றான் மச்சினன். ரிமோட் பெண்டாட்டி கையில். அவன் போனில் சொல்லச் சொல்ல அவள் அமுக்கினாள். ரிமோட்டை இரண்டு தட்டு தட்டிய பிறகு டிவியில் 'காத்திருக்கிறது' என்று எழுத்து வந்து, நடுவில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

"சுத்துதுடா."

"நல்லது. இப்ப நீங்க லேப்டாப்ல அடி வரிசையைப் பாருங்க. ஜன்னல் படம் போட்ட கீ ஒண்ணு இருக்கும். அதை அமுக்கிக்கிட்டே கே எழுத்தைத் தட்டுங்க."

டிரைவரின் விரல் ஒவ்வொன்றும் இரண்டு கீ அகலம். ஜன்னலை அமுக்கினால் பக்கத்து வீடும் சேர்ந்து அமுங்கியது. லேப்டாப் 'டிங்' என்றது. மறுபடி அமுக்கினார். 'டிங் டிங்' என்றது.

"திட்டுதுடா."

"வேற கீயை அமுக்குறீங்க."

'டிங்.'

"சும்மா சும்மா மணியடிக்குது. தெருவுல எல்லாருக்கும் சொல்லிடும் போல இருக்கே. இதோட வாயை முதல்ல மூடணும்."

மேல் வரிசையில் ஒலிபெருக்கிப் படத்துக்குக் குறுக்கே கோடு போட்ட கீ ஒன்று இருக்கும் என்றான் மச்சினன். அதைத் தேடிப் பிடித்து அமுக்கினார். பெட்டி வாயை மூடிக்கொண்டது. அன்றைக்கு அவர் செய்ததில் நினைத்தபடி நடந்த காரியம் அது ஒன்றுதான்.

"இப்ப ஜன்னல், கே. ஆச்சா? ஒரு பட்டியல் வந்திருக்கும். உங்களுக்குத் தெரியாது. கீழே பார்க்கிற அம்புக்குறியை ஒரு தட்டு தட்டிட்டு எண்டரைத் தட்டுங்க."

தட்டினார். டிவியில் வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

அப்போது மாடி ஜன்னல் திறந்தது.

"டிரைவரே" என்று மேலேயிருந்து ஒரு குரல்.

டிரைவரும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாடி வீட்டு வாத்தியார். தண்ணீர் மோட்டாரை யார் போடுவது, யார் நிறுத்துவது என்ற தகராறில் பேச்சு நின்று எத்தனையோ மாதம் ஆகிறது. அவராக வாயைத் திறந்து கூப்பிடுகிறார்.

டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டினார். "என்ன?"

"மேட்ச் பார்த்துக்கிட்டிருந்தேன். நடுவுல நீங்க வந்து நிக்கிறீங்க."

"நான் எங்கய்யா வந்தேன்? என் வீட்ல நிக்கிறேன்."

"என் டிவியில நிக்கிறீங்க. பேரனைத் தோள்ல தூக்கி வச்சுக்கிட்டு, இருக்கிற பல்லெல்லாம் தெரிய. சுவர் பூரா நீங்கதான். உங்க மூஞ்சியைப் பார்க்கக்கூடாதுன்னுதான் இத்தனை நாளா ஜன்னலைச் சாத்தி வச்சிருந்தேன்."

"என் படமா?" டிரைவருக்கு விளங்கவில்லை. "அவ பெட்டியில என் படம் எதுக்கு?"

"திறந்ததும் முதல்ல தெரியுறது அதுதான் போல."

பெண்டாட்டி பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "பார்த்தீங்களா. தினமும் உங்க மூஞ்சியில முழிச்சுட்டுத்தான் அவ வேலையே ஆரம்பிக்கிறா."

"எதுக்கு?"

"கோபம் வந்தா வேலை சீக்கிரம் ஓடும்னு இருக்கும்."

டிரைவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு உடைந்த திரையை உள்ளங்கையால் ஒருமுறை துடைத்தார்.

போனில் மச்சினன் கத்தினான். "அத்தான், மேல் வீட்டுக்குப் போயிடுச்சா? அதுவும் நல்லதுதான். அவரு கண்ணு, உங்க கை. அவரைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்க, நீங்க கீக்குக் கீழ இருக்கிற சதுரத்துல விரலைத் தேய்ச்சு அம்பை நகர்த்துங்க. கீழ் ஓரத்துல ஒரு குறி இருக்கும், அதைத் தட்டினா மேல் வீட்டை விட்டுடும். கடையில ஆள் நிக்குது, அப்புறம் கூப்பிடுறேன்."

வைத்துவிட்டான். இதுதான் அவன் புத்தி. வண்டி பள்ளத்தில் இறங்குகிற நேரத்தில் கிளீனர் டீ குடிக்கப் போகிற மாதிரி.

டிரைவருக்கு வாத்தியாரிடம் உதவி கேட்பதைவிட லேப்டாப்பின் மேல் இன்னொரு தடவை உட்கார்ந்துவிடலாம் என்று இருந்தது. பெண்டாட்டி இடுப்பில் ஒரு இடி இடித்தாள்.

"வாத்தியாரே."

"என்ன?"

"கொஞ்சம் பார்த்துச் சொல்றீங்களா? இங்க ஸ்கிரீன் தெரியல. எனக்கு இருட்டு."

"மோட்டார் விஷயத்துல மட்டும் நல்லாத் தெரிஞ்சுதே."

"அதை அப்புறம் பேசிக்கலாம்யா. நாலு மணிக்கு மருமகளுக்கு மீட்டிங்."

மருமகள் என்றதும் வாத்தியாரின் குரல் இறங்கியது. அவர் பெண்ணின் பரீட்சைக்கு அவள்தான் ஏதோ படிவமெல்லாம் போட்டுக் கொடுத்தவள். "சரி, சொல்றேன். நகர்த்துங்க" என்றார்.

டிரைவர் லேப்டாப்பை ஜன்னல் கட்டையில் வைத்துக்கொண்டார். வாத்தியார் மேலே ஜன்னலுக்கும் டிவிக்கும் நடுவில் நின்றார். டிரைவருக்கு உடம்பில் ஒரு தெம்பு வந்தது. இது தெரிந்த வேலை. பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல், கிளீனர் குரலை மட்டும் பிடித்துக்கொண்டு எத்தனை சந்துக்குள் லாரியை ரிவர்ஸில் விட்டிருப்பார்.

"அம்பு எங்க நிக்குது?"

"உங்க மூக்கு மேல."

"எங்க போகணும்?"

"கீழ. இன்னும் கீழ. மீசையைத் தாண்டுங்க. தொப்பை. பேரன் செருப்பு. வரலாம், வரலாம். நில்லுங்க."

"என்ன?"

"நடுவுல ஒரு பெட்டி வந்து முளைச்சிருக்கு. ஏதோ எழுதியிருக்கு. என் கண்ணாடியை எங்க வச்சேன்னு தெரியல. ரெண்டு பொத்தான் மட்டும் தெரியுது. ஒண்ணு நீலம், ஒண்ணு வெள்ளை."

"எதை அமுக்குறது?"

"தெரியாத பெட்டி. வெள்ளையை அமுக்கி அனுப்பிடுங்க. நீலம் எதுக்குன்னு தெரியாம தொடவேணாம். நீங்க இப்ப நீலத்து மேலதான் நிக்கிறீங்க. ரைட்."

டிரைவர் அமுக்கினார்.

"யோவ், ரைட்டுன்னு சொன்னேன்."

"ரைட்டுன்னீங்க. போயிட்டேன்."

"ரைட்டுன்னா வலது பக்கம்யா. வெள்ளை வலது பக்கம் இருந்தது."

"வலது பக்கம்னா வலது பக்கம்னு சொல்லணும். ரைட்டுன்னா போன்னு அர்த்தம்."

"எந்த ஊர்ல?"

"ரோடு இருக்கிற எல்லா ஊர்லயும்."

வகுப்பில் வாத்தியாரிடம் யாரும் இப்படித் திருப்பிச் சொன்னதில்லை.

"சரி வாத்தியாரே, இப்ப என்ன ஆச்சு? பாருங்க."

"எங்க பார்க்கிறது? என் வீட்டுக்காரி ரிமோட்டைப் பிடுங்கி மாத்திட்டா. சீரியல் நேரம்."

"ஏதாவது வெடிச்சுதா?"

"சீரியல்ல வெடிச்சிருக்கு. சின்ன மருமக மேல பழி விழுந்துடுச்சு. நான் வரேன்." ஜன்னல் சாத்திக்கொண்டது.

சுவர்க் கடிகாரத்தில் நாலு ஆகியிருந்தது. மருமகளைக் காணோம். டிரைவர் வாசலைப் பார்த்தார். வரவில்லை என்பது நிம்மதியாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. மீட்டிங்குக்கு அவளும் இல்லை, பெட்டியும் இல்லை என்றால் மேனேஜர் என்ன நினைப்பான்?

போன் போட்டுப் பார்த்தார். எடுக்கவில்லை.

இனிமேல் யாரையும் நம்பிப் பயனில்லை என்று டிரைவர் தாமே இறங்கினார். நிதானமாக யோசித்தார். காற்றில் போகிறது. மேலே போய்விட்டது. அப்படியென்றால் போகிற வழி சரியில்லை.

"இவளே, ஜன்னலையெல்லாம் சாத்து. வெளிய போயிடுது."

சாத்தினாள்.

"கதவையும் சாத்து."

சாத்தினாள்.

"ஃபேனை நிறுத்து. போறதையெல்லாம் கலைச்சு விடுது."

"ஏங்க, வேர்த்துச் சாவோம்."

"நிறுத்துடி."

நிறுத்தினாள். அறை அடுப்பு மாதிரி ஆயிற்று. டிரைவர் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பனியனோடு நின்றார். லேப்டாப்பைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு அறையைச் சுற்றி வந்தார். பீரோ மறைக்கிறது என்று பீரோவைத் தாண்டிப் போனார். ஸ்டூல்மேல் ஏறினார். ஸ்டூல் ஆடியது. பெண்டாட்டி ரிமோட்டை வாயில் கவ்விக்கொண்டு இரண்டு கையாலும் அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

டிவியில் வட்டம் சுற்றியபடி இருந்தது.

இறங்கி வந்து, லேப்டாப்பை டிவிக்குப் பக்கத்திலேயே, டிவி வைத்திருந்த மேஜை மேல் கூடத்தைப் பார்க்க வைத்தார். இவ்வளவு கிட்டத்தில் வைத்தால் தாவிவிடாதா? தாவவில்லை. மூக்கு படுகிற மாதிரி குனிந்து கீறலுக்குள் உற்றுப் பார்த்தார். ஊதினார். பனியனைத் தூக்கித் துடைத்தார். ஒரு வார்த்தை சொல்லித் திட்டவும் செய்தார். அந்த வார்த்தை இங்கே வேண்டாம்.

"விடுங்க" என்றாள் பெண்டாட்டி. "படம் வராது. அவ வந்தா என்ன சொல்லப் போறீங்கன்னு யோசிங்க. அதுக்காவது நேரம் இருக்கு."

டிரைவர் நாற்காலியில் விழுந்தார். எதிர் நாற்காலியில் அவள் உட்கார்ந்து, முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டாள்.

"நான்தான் மருமக. வந்துட்டேன். சொல்லுங்க."

"இதென்ன கூத்து."

"சொல்லிப் பார்த்தாத்தான் வாய்ல வரும். இல்லைன்னா அவ வந்ததும் நீங்க சண்டைக்குப் போவீங்க."

டிரைவர் தலையைச் சொறிந்தார். "வந்துட்டியாம்மா. உன் பெட்டி உடைஞ்சிருக்கு."

"யாரு மாமா உடைச்சா?"

"உடைஞ்சிருக்குன்னுதான் சொன்னேன். உடைச்சதா யாரு சொன்னா?"

"இது ஆகாது. மறுபடி."

"நான் உடைக்கலம்மா. உட்கார்ந்தேன். உட்கார்றது வேற, உடைக்கிறது வேற."

"காலையில உடைப்பேன்னு சொன்னீங்களே மாமா."

"நான் சொன்னதுல எதைச் செஞ்சிருக்கேன்? வீட்டை விட்டுப் போறேன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன், போனேனா? உன் மாமியாரைத் தள்ளி வைப்பேன்னு சொன்னேன், வச்சேனா?"

"அது எப்ப சொன்னீங்க?" இது மருமகள் குரல் இல்லை.

"நீ மருமகளாப் பேசுடி."

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "நான் போயிட்டா உங்களுக்கு நிம்மதிதானே மாமா? இந்தப் பெட்டியும் இருக்காது. யெஸ் சாரும் இருக்காது."

டிரைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்னடி இப்படிக் கேட்கிற?"

"நான் கேட்கல. அவ கேட்கிறா."

டிரைவர் நெற்றி வேர்வையை வழித்துத் தரையில் உதறினார்.

"நீ போயிட்டா நான் யாருகூடம்மா சண்டை போடுவேன்? உன் மாமியார்கூடப் போட்டா அவளே ஜெயிக்கிறா. நீ ஒருத்திதான் 'ம்'னு சொல்லிட்டு விட்டுக்கொடுப்ப. பையன் காலையில எழுந்ததும் பல்லுகூடத் தேய்க்காம என் முதுகுல ஏறுறான். அவனும் போயிட்டா இந்த முதுகை வச்சு நான் என்ன பண்ணுறது? எனக்குப் பேசத் தெரியாது. வாயைத் திறந்தா ஹாரன் மாதிரிதான் வரும். ஹாரன் அடிக்கிறவன் எல்லாம் மோதவா வரான்?"

பெண்டாட்டி மூக்கை உறிஞ்சினாள்.

"அழாதடி. இப்ப நீ மேனேஜர்."

"மேனேஜரா?"

"ஆமா. அன்னைக்குப் பெட்டியில கேட்டுதே, அந்தக் கரகரத் தொண்டைக்காரன். சரளைக்கல் இறக்குற மாதிரி பேசுவானே, அவன். அவன் மட்டும் என் எதிர்ல வரட்டும், கேட்கிறேன். யோவ், உனக்கு லோடு ஒழுங்கா வந்து சேருதா இல்லையா? அதைப் பாரு. வண்டி எந்த ஊர்ல நிக்குதுன்னு உனக்கு எதுக்கு? ஆபீஸ்ல உட்கார வச்சா மணியடிச்சதும் பையை மாட்டிக்கிட்டுக் கிளம்பிடுவாங்க. எங்க வீட்ல அந்தப் பொண்ணு ஒரு கையில புள்ளைக்குச் சோறு ஊட்டிக்கிட்டு இன்னொரு கையில உன் வேலையைப் பார்க்குது. காய்ச்சல்ல கிடந்தப்பக்கூட 'யெஸ் சார்'னு சொல்லிச்சு. அப்படி ஒரு ஆளை வச்சுக்கிட்டு, எங்க உட்கார்ந்து பார்க்கிறன்னு கேட்கிறியே, நீ மனுஷனா?"

"இதை அவன்கிட்ட யாரு சொல்றது?"

"நான் சொல்வேன். எனக்கென்ன பயம்? எதிர்ல வந்தாச் சொல்வேன்."

போன் அடித்தது. மச்சினன்.

"அத்தான், வந்துச்சா?"

"ஒரு எழவும் வரல."

"மறுபடி ஜன்னல், கே. இந்தத் தடவை கீழ் அம்பு ரெண்டு தட்டு. அப்புறம் எண்டர். முதல்ல ஒரு தட்டு சொன்னது என் தப்பு. மேல் வீடு முன்னால இருந்திருக்கு."

"அப்பவே சொல்றதுக்கென்னடா?"

ஜன்னல். கே. ஒரு தட்டு. இன்னொரு தட்டு. எண்டர்.

வட்டம் நின்றது. டிவி ஒரு தடவை கருத்தது. பிறகு பளிச்சென்று படம் வந்தது.

"வந்துடுச்சுடி" என்றார் டிரைவர். பெண்டாட்டி கையைக் கூப்பினாள்.

ஆனால் பேரனும் இல்லை, அவர் பல்லும் இல்லை. டிவி முழுக்கக் கட்டம் கட்டமாக மனிதர்கள். டை கட்டினவர்கள், கண்ணாடி போட்டவர்கள், தலையில் அந்தக் காது மிஷினை மாட்டினவர்கள். நடுவில் ஒரு கட்டத்தில் பனியன் போட்ட கிழவன் ஒருவன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

"யாருடி இந்த ஆளு? ஆபீஸுக்குப் பனியனோட வந்திருக்கான்."

பெண்டாட்டி கிட்டே போய்ப் பார்த்தாள். "ஏங்க. அது நம்ம நாற்காலிங்க."

டிரைவர் கையைத் தூக்கினார். கிழவனும் தூக்கினான். டிரைவர் கையை இறக்கினார். அந்த நீலப் பொத்தான் மீட்டிங்குக்குள் நுழைவதற்கு என்பது அப்போது அவருக்குப் புரிந்தது.

பக்கத்துக் கட்டத்தில் மருமகள். பின்னால் பஸ் ஜன்னல். நடுவழியில் பஸ் நின்றுபோய், போனிலேயே மீட்டிங்குக்கு வந்திருக்கிறாள். மடியில் பேரன் கையாட்டிக்கொண்டிருந்தான். அவள் முந்தானையால் முகத்தை மூடியிருந்தாள். தோள் குலுங்கியது. எல்லோருக்கும் தோள் குலுங்கியது. ஒரு பெண் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தாள். சத்தம் மட்டும் இல்லை.

"அழுறாங்கடி" என்றார் டிரைவர். "எல்லாரும் அழுறாங்க. போச்சு. அவ வேலையே போச்சு."

கீழே கிடந்த சட்டையை எடுத்து மாட்டினார். உள்பக்கம் வெளியே இருந்தது. அதைக் கவனிக்கிற நிலையில் இல்லை. டிவிக்கு நேராகப் போய் நின்று கும்பிட்டார்.

"ஐயா, தப்பெல்லாம் என்னுது. அந்தப் பெட்டி மேல உட்கார்ந்தது நான். மேனேஜரைப் பேசினதும் நான். அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. அதை ஒண்ணும் பண்ணிடாதீங்க. வேணும்னா நான் வந்து நேர்ல நிக்கிறேன். எந்த ஊர்னு சொல்லுங்க."

டிவியில் எல்லோரும் ஒரே நேரத்தில் வாயை அசைத்தார்கள். பஸ்ஸில் மருமகள் ஏதோ சொல்லிச் சொல்லிக் கையை ஆட்டினாள். ஒரு சத்தமும் வரவில்லை.

"நீங்கதான் அதோட வாயை மூடி வச்சீங்களே" என்றாள் பெண்டாட்டி. "எந்தக் கீ?"

டிரைவர் விரலால் காட்டினார். அவள் அமுக்கினாள்.

அழுகை இல்லை, சிரிப்பு. கூடம் முழுக்கச் சிரிப்பு கொட்டியது. மேல் வரிசையில் இருந்த வழுக்கைத்தலை மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எல்லோரையும் கையமர்த்திவிட்டு, சரளைக்கல் இறக்குகிற குரலில் பேசினார்.

"பெரியவரே, உங்க மருமக உங்க வீட்லயே இருந்து வேலை பார்க்கட்டும்னு முடிவு பண்ணி மீட்டிங் எப்பவோ முடிஞ்சு போச்சு, உங்க டிவியில படம் வருதா இல்லையான்னு பார்க்கத்தான் நாங்க இத்தனை பேரும் எழுந்திருக்காம உட்கார்ந்திருக்கோம்."